என் பேர் எழுதிய அரிசிப் பை

ரிப்போர்ட்டர் கதிரேசன் போய்விட்டார். இன்று மத்தியானம் எரித்துவிட்டு வந்தோம்.

குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கால் இரண்டும் கல் மாதிரி கிடக்கிறது. சோறும் இறங்கவில்லை, படுத்தால் தூக்கமும் இல்லை… அதனால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோல சிலாங்கூர் பக்கத்துச் செய்திகளைத் தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர். புக்கிட் ரோத்தானில் வருஷா வருஷம் ஸ்கூல் லீவில் ‘கோடைப் பேச்சு விழா’ நடத்தியவரும் அவர்தான். அரசியல், சரித்திரம், பத்திரிகைத் தொழில்… எல்லாம் பேசுவார்கள்.

“நம்ம நாட்டுல ஏது தம்பி கோடை? வருஷம் பூரா வெயில்தானே” என்று ஒரு தடவை கேட்டேன்.

“அப்ப எந்த மாசம் வச்சாலும் கோடை விழாதான் அண்ணே” என்றார்.

விழா என்னுடைய ஐடியா என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்வது. ஐடியா அவருடையதாகவே இருக்கட்டும், லோரி யாருடையது? இந்த முனியாண்டி லோரி இல்லாமல் நாற்காலி ஏது, மேடை ஏது, விழா ஏது லா?

முதல் வருஷம் நம் வழக்கப்படி நடந்தது. தலைவருக்குப் பொன்னாடை, செயலாளருக்குப் பொன்னாடை, பொன்னாடை போட்டவருக்கு ஒரு பொன்னாடை… போட்டோ எடுத்து முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. கோலாலம்பூரிலிருந்து சரித்திரம் பேச வந்த டீச்சரம்மா வணக்கம் சொன்னார், நன்றி சொன்னார். அவ்வளவுதான்.

அடுத்த வருஷத்திலிருந்து பொன்னாடை கிடையாது என்று கதிரேசன் சொல்லிவிட்டார். பேசுகிறவருக்கு மட்டும் நம் பக்கத்து செகிஞ்சான் வயலில் விளைந்த அரிசி ஒரு பை. பையில் அவர் பேரை மார்க்கரில் பெரிதாக எழுதி வைப்பார். பேசி முடித்த பிறகுதான் கையில் கொடுப்பார்.

பொன்னாடைக்காக வந்த கூட்டம் நின்றுபோனது. ஒரு வருஷம் ஹாலில் ஆளைவிட ஃபேன் அதிகம். அவர் முகம் வாடித்தான் போனது… ஆனாலும் பொன்னாடையைத் திரும்பக் கொண்டுவரவில்லை.

மேடையில் யார் என்ன அளந்தாலும், பின்வரிசையிலிருந்து அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். “பாத்ததா, கேட்டதா?” பெரிய அரசியல்வாதி ஒருவரே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அது நான் பார்த்தது. தண்ணீர் கொடுத்ததே நான்தான்.

என்னையும் அவர் விட்டதில்லை. எங்கள் எஸ்டேட்டை விற்று, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடிக்க வந்தபோது, புல்டோசர் முன்னால் நான் படுத்த கதையைக் கேட்காதவர் இந்த வட்டாரத்தில் உண்டா? நாலைந்து விதமாகக் கேட்டிருப்பீர்கள். ஒரு விதத்தில் போலீஸே எனக்கு சல்யூட் அடிக்கும்.

அதை மேடையில் பேச ஒரு சான்ஸ் கொடுங்கள் என்று வருஷா வருஷம் கேட்பேன். சிரித்துவிட்டு நாற்காலியை இறக்கச் சொல்லுவார். எனக்கு உள்ளே கொஞ்சம் வலிக்கும். இத்தனை நாற்காலி சுமப்பவனுக்கு ஒரு மைக் கிடையாதா…

இந்த வருஷம் அவரே என் வீடு தேடி வந்தார். கொடுத்த டீயைக்கூடத் தொடவில்லை. “அண்ணே, இந்த வாட்டி நீங்க பேசுறீங்க.”

“புல்டோசர்தானே? ஜமாய்ச்சிடலாம்.”

“புல்டோசர் வேணாம். லயத்து சாமானெல்லாம் உங்க லோரிலதானே போச்சு? யாரு என்ன ஏத்துனாங்க, எத விட்டுட்டு வந்தாங்க… அத மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு நான் அங்க இல்ல. நான் எழுதுனதெல்லாம் கேட்டு எழுதுனதுதான். பாத்தது நீங்க.”

அவர் வாயால் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து கண்ணாடி முன் நின்று பிராக்டிஸ். வாசற்கதவைக் கழற்றி லோரியில் ஏற்றிய பெரியவர். ஏற்றிவிட்டு, போகிற வீட்டில் ஏற்கெனவே கதவு இருக்குமே என்று யோசித்தவர். அப்புறம் லோரிக்குப் பின்னால் ஓடி வந்த நாய்… அது அத்தனை மைல் தள்ளி தஞ்சோங் காராங் வரை ஓடி வந்தது என்று, வீடு தேடி வந்த அன்றைக்கே அவரிடம் சொல்லியிருந்தேன்.

“பாத்ததா, கேட்டதா அண்ணே?”

நான் டீ ஆறுகிறது என்றேன்.

நேற்றுக் காலை அவருக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

விழாவுக்காக வாங்கிய அரிசிப் பைகள் அவர் வீட்டில் சுவரோரம் அடுக்கியிருந்தன. அதற்குப் பக்கத்தில்தான் அவரைக் கிடத்திய பெட்டியை வைத்தார்கள். யாரோ பொன்னாடையோடு வந்தார்கள். அவர் மனைவி சரசு வேண்டாம் என்று கையைக் காட்டியது.

கார்கள் செகிஞ்சான் வரை நின்றன என்று எழுத வந்தேன். அவர் கேட்பார். நான் பார்த்தது பெட்ரோல் ஸ்டேஷன் வரைக்கும்.

வாய்க்கரிசிக்கு அரிசி எடுத்துவைக்க யாருக்கும் ஞாபகமில்லை. ஈப்போவிலிருந்து வந்த மைத்துனர் அவசரத்தில் மேலே இருந்த பையைப் பிரித்துத் தட்டில் கொட்டிவிட்டார். காலிப் பையைக் கீழே போட்டபோதுதான் பார்த்தோம்.

‘லோரி முனியாண்டி அண்ணன்.’ அவர் கையெழுத்து.

சரசு என்னைப் பார்த்தது.

“பேசி முடிச்ச பெறகுதானே அண்ணே அந்தப் பையக் குடுப்பாரு…”

தட்டிலிருந்து அள்ளி அவர் வாயில் போட்டேன். பாதி அரிசி அவர் சட்டையில் கொட்டியது.

விழா அதே ஹாலில்தான். சரசு நடத்தச் சொல்லிவிட்டது. நாற்காலி நான் கொண்டுவருகிறேன், இறக்க ஆள் வேண்டும். முதுகு முன்னைப் போல இல்லை. வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.

மெயின் ரோடு வரைக்கும்தான் தம்பி… அந்த நாய். அங்கே நின்றுவிட்டது. லோரிக் கண்ணாடியில் பார்த்தேன்.

போய் வாங்க.