அப்பாவுக்கு ஒரு செய்தி

மொன்றியலில் நான் வேலை செய்யும் ஆவணக் காப்பகத்தில், துருவப் பக்கத்து வடக்கு மக்களின் பழைய படங்கள் ஏராளம். அவற்றைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொன்றின் கீழும் பழைய குறிப்பைத் தட்டச்சுச் செய்வது என் வேலையில் பாதி. கப்பல் தலைவருக்குப் பெயர் இருக்கிறது. டாக்டருக்கும் பாதிரியாருக்கும் பொலிஸ்காரருக்கும் இருக்கிறது. ஒரு படத்தில் கப்பலில் வளர்ந்த பூனைக்குக்கூடப் பெயர் எழுதியிருக்கிறார்கள். பூனையை மடியில் வைத்திருக்கும் பெண் மட்டும் "அடையாளம் தெரியாத எஸ்கிமோப் பெண்". முதல் தடவை அதைத் தட்டியபோது எனக்கு வந்த கோபத்தில் விசைப்பலகை உடையாமல் தப்பியது. எஸ்கிமோ என்ற சொல் அந்த மக்களுக்குப் பிடிப்பதில்லை, இன்யூட் என்றுதான் இப்போது எழுதுகிறோம். சொல்லைத் திருத்திவிட்டோம். அந்தப் பெண்ணின் பெயர் இன்னும் கிடைக்கவில்லை.

மற்றப் பாதி வேலை ஒலிநாடாக்கள். ஐம்பதுகளில் வடக்கில் காசநோய் பரவியபோது அரசாங்கம் கப்பல் அனுப்பியது. ஊர் ஊராக மக்களை ஏற்றி, நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். நோய் இருப்பவர்களை அநேகமாகத் திரும்ப இறங்க விடவில்லை. கரையில் நிற்கும் பிள்ளைக்கு ஒரு சொல் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கேட்டவர்களையும் விடவில்லை. அப்படியே தெற்கே கொண்டுவந்து ஆஸ்பத்திரிகளில் கிடத்தினார்கள். சிலர் சுகமாகி வீடு போனார்கள். சிலர் இங்கேயே செத்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்றுகூட வீட்டுக்கு அறிவிக்கப்படாமல். இதற்கிடையில் யாரோ ஒரு நல்ல மனதுக்காரர் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டில் கட்டிலாக உருட்டிக்கொண்டு போய், நோயாளிகளை வீட்டாருக்குச் செய்தி சொல்ல வைத்திருக்கிறார். அந்தச் சுருள்கள் வடக்கே போகும், வீட்டார் கூடியிருந்து கேட்பார்கள் என்பது ஏற்பாடு. எங்களிடம் வந்த பெட்டியில் இருந்தவை போகாத சுருள்கள். ஏன் போகவில்லை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

பெட்டியைத் திறந்தால் புளித்த வினாகிரி வாடை மூக்கில் ஏறும். பழைய நாடா பழுதாகும்போது அப்படித்தான் மணக்கும். நாடாவை இயந்திரத்தில் கோத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஓடி முடியும்வரை இருந்த இடத்தில் இருந்து கேட்கவேண்டும். ஒட்டுப்போட்ட இடம் எந்த நேரம் விட்டுப்போகும் என்று சொல்ல முடியாது. அவர்களுடைய மொழி எனக்குத் தெரியாது. அதைப் புத்தகத்தில் படித்த ஒரு மாணவர் பல வருடங்களுக்கு முன்பே எல்லாவற்றையும் கேட்டு, ஒவ்வொரு செய்திக்கும் நாலைந்து வரியில் ஆங்கிலச் சுருக்கம் எழுதி வைத்திருந்தார். மொழி விளங்காவிட்டாலும் இருமல் விளங்கும். அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறார்கள் என்பதும் விளங்கும்.

"அடுத்தாக்களின்ரை அழுகையைக் கேக்கிறதுக்குச் சம்பளம் தாறாங்கள், உனக்கென்ன" என்பார் என் கணவர். அவர் லாசாலில் ஒரு பாண் பேக்கரியில் வேலை செய்பவர். "ஓமோம், உங்களுக்கு மெஷின் சத்தம், எனக்கு மனிசற்றை சத்தம். மாறுவமே?" என்று நானும் விடமாட்டேன். அவர் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விடுவார். ஆனால் சில நாட்களில் நான் வந்து சப்பாத்தைக் கழற்றும் விதத்தைப் பார்த்தே ஒன்றும் கேட்காமல் இருப்பார்.

சுருள்களில் ஒன்று எங்களுக்குப் பகிடியாகவே இருந்தது. அதன் சுருக்கம் இதுதான்: ஒரு பெண் தன் தந்தையுடன் பேசுகிறாள். நாய்க்குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்கவேண்டாம் என்கிறாள். மூக்கைத் துடைக்கச் சொல்கிறாள். புதுப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்கிறாள். கப்பல் வரும்போது தானும் வருவதாகச் சொல்கிறாள். பக்கத்தில் யாரோ ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். இன்னொருவர் வேறு மையில் "தந்தைக்கு மூளைக் கோளாறோ?" என்று எழுதியிருந்தார். பல் முளைக்கும் கிழவர் என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரிப்போம். குரலைக் கேட்டபோது சிரிப்பு வரவில்லை. சின்ன வயதுக் குரல், ஒவ்வொரு வசனத்துக்கும் மூச்சு வாங்கும் குரல்.

போன மார்ச்சில், தெருவெல்லாம் பனி உருகிச் சகதியாகக் கிடந்த ஒரு காலையில், தாயும் மகளுமாக இரண்டு பேர் வந்தார்கள். தாய் எழுபதைத் தாண்டியவர், சக்கர நாற்காலியில் இருந்தார். மகளுக்கு என்னைவிடக் கொஞ்சம் வயது குறைவு. வைத்தியத்துக்கு என்று வடக்கிலிருந்து மொன்றியலுக்கு அனுப்பப்படுகிறவர்களுக்கு விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு விடுதி இருக்கிறது. அங்கேதான் தங்கியிருந்தார்கள். தாய்க்குப் புற்றுநோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்மார் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விமானத்தில் ஊருக்குப் போகிறார்கள். இனித் தெற்கே வரப்போவதில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

தாய்க்கு அவர்களுடைய மொழிதான். மகள் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள். எங்கள் பிரிவுத் தலைவி கியூபெக்காரி, பிரெஞ்சு வாடையோடு ஆங்கிலம் பேசுபவர். ஆனால் என் நினைவில் எல்லாருமே யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்கள். அதை மாற்ற என்னால் முடியவில்லை.

"அம்மாவுக்குப் பல்லு விழுற வயசிலை அவவின்ரை தாயைக் கப்பலிலை ஏத்திக்கொண்டு போனவங்கள்" என்றாள் மகள். "பேந்து ஒரு சேதியும் இல்லை. செத்திட்டா எண்டு மட்டும் கனகாலத்துக்குப் பிறகு பாதிரியார் சொன்னவர். தன்னை மறந்திட்டா எண்டுதான் அம்மா நினைச்சுக்கொண்டிருந்தவ. இஞ்சை நாடா இருக்கெண்டு விடுதியிலை ஆரோ சொன்னவை. அந்தக் குரலைக் கேக்கவேணுமாம்."

தலைவி நல்ல மனுஷி. ஆனால் ஆஸ்பத்திரிப் பதிவுகளுக்கு ஒரு விதி இருக்கிறது. பேசியவரின் குடும்பத்துக்கு மட்டும்தான் திறக்கலாம். யார் பேசியது என்பதற்குப் பெயர் வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் அரசாங்கம் அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வில்லையில் பொறித்துக் கொடுத்த இலக்கமாவது வேண்டும். இந்தச் சுருள்களில் இரண்டும் இல்லை. நோயாளியின் முன்னால் கருவியை வைத்துப் பேசு என்றவர்கள், நீ யார் என்று கேட்கவில்லை.

தலைவி சுருக்கங்களைப் புரட்டினார். தாய் மகளுக்குச் சொன்ன செய்தி என்று இரண்டு இருந்தன. ஒன்றில் பெரிய மகள், கலியாணம் பேசப்படுகிறவள். மற்றதில் இரட்டைப் பிள்ளைகள். மகள் மாற்றிச் சொன்னதும் மூதாட்டி இரண்டுக்கும் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார். தலைவி மன்னிப்புக் கேட்பதுபோல் கைகளை விரித்தார். நான் கோட்டை எடுத்து மூதாட்டியின் தோளில் போட்டுவிட்டேன். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் தள்ளுவதற்கு நாற்காலியைப் பிடித்தபோது மகள் தனக்குள் பேசுவதுபோல் சொன்னாள். "மகளெண்டு இருந்தால்தான் என்ன. அம்மாவை அவ ஒருநாளும் மகளெண்டு கூப்பிட்டிருக்கமாட்டா."

"பின்னை எப்பிடிக் கூப்பிடுவா?" என்று கேட்டேன்.

"அப்பா எண்டு."

என் கை நாற்காலியிலேயே நின்றுவிட்டது.

மகள் நிதானமாக விளக்கினாள். மூதாட்டி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்புதான் அவருடைய தாயின் தகப்பன் கடலில் இறந்திருக்கிறார். அந்தப் பெயரைக் குழந்தைக்கு வைத்தார்கள். பெண் குழந்தை என்பது ஒரு பொருட்டே இல்லை. பெயரோடு ஆளும் வந்துவிடுவார். அதனால் தாய்க்கு அவள் அப்பா. தாயின் தாய்க்கு அவள் புருஷன். நல்ல இறைச்சித் துண்டு முதலில் அவளுக்குத்தான் போகும். முடியை ஆண்பிள்ளை போல வெட்டிவிட்டார்களாம்.

எனக்கு இது விளங்க ஒரு கணமும் எடுக்கவில்லை. மூன்று வயதுப் பெடியனை "என்ரை அப்பு, ஒரு வாய் சாப்பிடு ராசா" என்று கெஞ்சும் ஆட்கள் நாங்கள். என் மகள் வில்லரேயில் தனிக்குடித்தனம் போன பிறகும் தொலைபேசியில் அவளை "என்னம்மா" என்றுதான் கேட்கிறேன். ஆனால் எங்களுக்கு அது செல்லம். வாய் சொல்லும், மனம் அதை நம்புவதில்லை. அவர்களுக்கு அது உண்மை. தகப்பனைக் கடல் கொண்டுபோனது, மகளின் வடிவில் திரும்பிவந்தார், அவ்வளவுதான்.

நாய்க்குட்டி வைத்திருந்தீர்களா என்று கேட்க வாய் உன்னியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் எடுத்துக் கொடுத்தால் அது அத்தாட்சி ஆகாது. "தாய் போகேக்கை வீட்டிலை என்னென்ன இருந்ததெண்டு கேளுங்கோ" என்று மட்டும் மகளிடம் சொன்னேன். தலைவி என்னைப் பார்த்தார். பல் முளைக்கும் கிழவர் என்று மெதுவாகச் சொன்னேன். அவருக்கு முதலில் பிடிபடவில்லை. நான் திரும்ப விளங்கப்படுத்தியதும் அந்தச் சுருக்கத்தைத் தேடி எடுத்து மேசையில் விரித்து வைத்துக்கொண்டார்.

மூதாட்டி கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டு போனார். கூடாரம். கல் விளக்கு. மாமி ஒருத்தி, கையில் வேகம் கூடியவள், தலை வாரினால் கண்ணில் தண்ணீர் வரும். பிறகு ஒரு நாய்க்குட்டி. அதோடு படுத்தால் சுகமான சூடு. தாய் ஒவ்வொரு இரவும் அதை வெளியே விரட்டுவாள், விரட்டிய கையோடு அது திரும்ப வந்து போர்வைக்குள் நுழையும்.

மகள் இதை மாற்றிச் சொல்லி முடிக்கும்போது தலைவி கண்ணாடியைக் கழற்றியிருந்தார். எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார்.

"போடுங்கோ" என்றார் என்னிடம்.

ஹெட்போன் வேண்டாம், வெளியே கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன். முதலில் ஒரு இரைச்சல். கட்டில் சக்கரத்தின் கிறீச்சு. பிறகு அந்த இளம் குரல். முதல் சொல் கேட்டவுடனேயே மூதாட்டியின் உடம்பு நிமிர்ந்தது. அத்தனை வருடங்களில் அவரை அப்படிக் கூப்பிட ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை. தாய்க்கு மட்டும்தான் அவர் அப்பா.

மகள் ஆங்கிலத்தில் சொல்வதை நிறுத்திவிட்டாள். எங்களுக்கும் தேவைப்படவில்லை, சுருக்கம் முன்னால் கிடந்தது. அப்பா, நாய்க்குட்டியோடு படுக்காதீர்கள். அப்பா, மூக்கைத் துடையுங்கள். பல்லைப் பற்றிக் கேட்டபோது மூதாட்டி தன் பொய்ப்பல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டார். சுருக்கத்தில் இல்லாத ஒரு துண்டும் இருந்தது. அதைப் பிறகுதான் மகள் சொன்னாள்: காற்றடிக்கும்போது கரையில் வந்து நிற்கவேண்டாம், காது குத்தும், கப்பல் வந்தால் நானே வீட்டுக்கு வருவேன். மாணவருக்கு அது முக்கியமாகப் படவில்லை போலும். குரல் இன்னும் ஏதோ சொல்லத் தொடங்கியது. இருமல் வந்தது. இருமல் முடிய முன்னமே, பக்கத்திலிருந்து ஒரு தாதியின் குரல், பிரெஞ்சில், நல்ல அன்பாக நன்றி சொல்லி: "மெர்சி. அடுத்தவர்."

எனக்கு அந்தத் தாதியின் கழுத்தைப் பிடிக்கவேண்டும் போலிருந்தது. அவளும் செத்துப்போயிருப்பாள்.

மூதாட்டி அழவில்லை. மகளின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். "அனானா" என்று தொடங்கினார். அந்தச் சொல் எனக்குத் தெரியும், எல்லா நாடாக்களிலும் வருவது, அம்மா என்று அர்த்தம். தன் மகளைப் பார்த்து அம்மா என்கிறார். மருந்தின் மயக்கமாக்கும் என்று நினைத்தேன். மகள் தரையில் முழந்தாளிட்டு, அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மிக மெதுவாக ஏதோ பதில் சொன்னாள். தலைவியும் நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிரதியை ஒரு சின்ன யூஎஸ்பியில் போட்டுக் கொடுத்தோம். விடுதி வாகனம் வந்ததும் நானும் கூடக் கீழே போனேன். சாரதி நாற்காலியை ஏற்றிப் பட்டி பூட்டிக்கொண்டிருந்தார். மகள் வெளியே, சகதியில், என் பக்கத்தில் நின்றாள்.

"மேலை உங்களை அம்மா எண்டு கூப்பிட்டவ" என்றேன்.

"நான் பிறக்கேக்கை தன்ரை தாயின்ரை பேரைத்தான் எனக்கு வைச்சவ. நான் பிறந்த நாளிலையிருந்து அவவுக்கு நான் அம்மாதான்."

"என்ன கேட்டவ?"

மகள் வாகனத்தின் கண்ணாடிக்குள் தாயைப் பார்த்தாள்.

"அம்மா, நான் கரையிலைதான் நிண்டனான், ஒவ்வொரு கப்பலுக்கும் நிண்டனான், நீங்கள் ஏன் வரேல்லை எண்டு கேட்டவ."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"வர விடேல்லையப்பா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொன்னன்." முகத்தைக் கையுறையால் துடைத்துக்கொண்டாள். "இவ்வளவு காலமும் அவவிட்டை ஒருத்தரும் மன்னிப்புக் கேக்கேல்லை. ஆராவது கேக்கவேணுமெல்லே."