மணி அடித்த முதலாளி

வங்கி வேலையை விட்டு வீட்டிலேயே முந்திரி மக்ரூன் இனிப்புத் தொழில் தொடங்கிய என் மகன், மேசைமேல் இருந்த மணியைப் பெருமையாகத் தட்டிக் காட்டினான். எனக்குக் கருவாட்டு நாற்றம் மூக்கில் ஏறியது.

எழுபதுகளில் என் அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. அதிகாரி மணி அடித்தால் எழுந்து ஓடியவர். அந்த வேலையை உதறிவிட்டு, திரேஸ்புரம் வீட்டில் கருவாட்டு வியாபாரம் தொடங்கினார். முதலில் வாங்கியது உப்பு அல்ல, மேசை மணி. முற்றத்தில் மீன் கீறி உப்பு தடவியதெல்லாம் அம்மாதான். முதலாளி சலவைச் சட்டையோடு உட்கார்ந்து மணி அடிப்பார். அம்மா உப்புக் கையோடு ஓடி வந்தால், தன் பக்கத்திலேயே இருக்கும் கூஜாவைக் காட்டித் தண்ணீர் கேட்பார்.

“அங்கன ஒங்களுக்கு அடிச்சாகன்னு இங்கன எனக்கு அடிக்கியளோ?” என்று அம்மா ஒருநாள் கேட்டாள். பதிலுக்கு அவர் மணியைத்தான் அடித்தார்.

மகன் மறுபடியும் தட்டினான். முந்திரித்தூள் ஒட்டிய கையோடு உள்ளேயிருந்து மருமகள் ஓடி வந்தாள்.