ஓட்டை போட்ட டின்

பங்சாரில் ஓர் அலங்காரப் பொருள் கடையில் பழைய எண்ணெய் டின் ஒன்றைத் தூக்கியதும், துருவும் பழைய பெயின்ட்டும் கலந்த வாடையில் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் யார் வீட்டில் கல்யாணமென்றாலும் அம்மா இப்படியொரு டின்னுக்கு அப்பா கொண்டுவந்த மிச்சப் பச்சைப் பெயின்ட்டை அடித்து, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, கறிவேப்பிலைக் கன்று நட்டுக் கொடுப்பார். குவாட்டர்ஸை இடிக்க வந்த அதிகாரி, வாசலில் இருந்த டின்களைக் காலால் தள்ளி, "இந்தக் குப்பையெல்லாம் எதுக்குக்கா?" என்றான். அம்மா குனிந்து, சாய்ந்த டின்களை நிமிர்த்தி வைத்தார்.

இப்போது அதே குப்பைக்கு 'வின்டேஜ்' என்று சீட்டு ஒட்டி, பிளாஸ்டிக் செடியைச் செருகியிருக்கிறார்கள்.

"அடியில ஓட்டை இருக்கு லா, ஆன்டி," என்றாள் கடைக்காரப் பெண். "டிஸ்கவுண்ட் தரேன்."

"உயிருள்ள செடின்னா ஓட்டை வேணும்மா!" என்றேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.