நண்பன் புலம்பல்

இன்று காலை அச்சுக்கடையிலிருந்து வந்த கல்வெட்டுக் கட்டைப் பிரித்து, முதலில் ஒரு பிரதியை மூக்கருகே கொண்டுபோனேன். பழைய பழக்கம். வழவழத் தாள், கலர்ப் படம் எல்லாம் இருக்கிறது. மை மணம்தான் இல்லை.

கல்வெட்டு என்றதும் கல்லைத் தேடாதீர்கள். எங்கள் பக்கத்தில், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்துக்கு அதுதான் பெயர். உள்ளே புலம்பல் பாட்டுகள் இருக்கும். மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று ஆளுக்கொன்று. அழுகை அவர்களுடையது, பாட்டு என்னைப் போன்ற ஒருவனுடையது.

மை மணம் என்றால் எனக்கு யோகன்தான். கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் இருந்த அச்சகத்தில் இருவரும் வேலை செய்தோம். எனக்குக் கவிதை வரும் என்று நானே நம்பிக்கொண்டிருந்த வயது. நான் புலம்பல் எழுதிக் கொடுக்க, அவன் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக் கோப்பான். கோக்கும்போது உரத்து வாசிப்பான். அதுதான் எனக்குப் பயம்.

"மச்சான், போன கிழமை செத்த உருத்திரபுரத்து மனிசனும் குலவிளக்கு. இவரும் குலவிளக்கு. இப்பிடியே போனா கிளிநொச்சிக்குக் கரண்டே தேவையில்லையடா."

சொல்லிவிட்டு அந்தச் சொல்லை வெட்டிவிடுவான். நான் முறைத்துக்கொண்டே வேறு சொல் தேடுவேன். தேடிய சொல் எப்போதும் நல்லதாகவே அமையும், அது இன்னும் எரிச்சல்.

"நான் செத்தா உந்தச் சொல்லைப் போட்டியெண்டால் எழும்பி வந்து வெட்டுவன், ஓம்!" என்பான்.

வேலை முடிந்தால் அவனுடைய சைக்கிள். அவன் மிதிப்பான், நான் பின்னால். இரணைமடு அணைக்கட்டில் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு ஊர்க்கதை எல்லாம் கதைப்போம். காற்று அள்ளிக்கொண்டு போகும். கையில் காசில்லாத அந்த நாட்களைப் போலச் சந்தோஷமாக நான் பிறகு இருந்ததாக நினைவில்லை.

போன மாதம் யோகன் நெஞ்சுவலி என்று படுத்தவன் எழும்பவில்லை. அவன் மனைவி தவம், "அண்ணை, நீங்கள்தான் எழுதவேணும். வேற ஆர் எழுதினாலும் அவருக்குப் பிடிக்காது" என்றாள்.

மனைவி புலம்பலில் தொடங்கினேன். மற்றவர்களுக்கு எழுதும்போது வராத கண்ணீரெல்லாம் வந்தது. நிறுத்தாமல் எழுதினேன். நன்றாக வந்துவிட்டது என்ற பெருமை வேறு. வட்டக்கச்சியில் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தவத்துக்கு வாசித்துக் காட்டினேன்.

"முன்னாலே நீ மிதிக்க முதுகோடு நான் சாய
இரணைமடுக் காற்றெல்லாம் எங்களுக்காய் வீசியதே..."

தவம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு மெல்லச் சிரித்தாள். அவன் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"அண்ணை, என்னை அவர் ஒருநாளும் சைக்கிளில இரணைமடுவுக்குக் கூட்டிக்கொண்டு போகேல்லை. கேட்டாலும் வேலை எண்டுதான் சொல்லுவார். இது என்ர புலம்பல் இல்லை, உங்கட."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எத்தனையோ கல்வெட்டு எழுதியிருக்கிறேன், ஒன்றிலும் நண்பனுக்குப் பக்கம் இருந்ததில்லை. அது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்ததும் இல்லை.

"கடைசிப் பக்கத்தில உங்கட பேரில போடுங்கோ. எனக்கு வேற எழுதித் தாங்கோ" என்றாள். அவள் சொல்லச் சொல்ல, குசினியில் சமைக்கும்போது போட்ட சண்டையும் சேர்த்து, அவளுக்கு எழுதினேன். இருவரும் இடையிடையே சிரித்தோம்.

கடைசிப் பக்கத்துக்கு 'நண்பன் புலம்பல்' என்று தலைப்புப் போட்டேன். பாட்டின் முடிவில் வேண்டுமென்றே 'குலவிளக்கே' என்று ஒரு சொல் வைத்தேன். அச்சுக்கடைப் பிள்ளை கணினியில் அப்படியே அடித்து, "நல்லா இருக்கு அங்கிள்" என்றாள்.

அந்த அச்சகம் இப்போது இல்லை. ஈய எழுத்துகள் யுத்தகால இடம்பெயர்வில் எங்கே போயினவோ. காலையில் மணந்து பார்த்த பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். குலவிளக்கே அப்படியே இருந்தது. ஒருவரும் வெட்டவில்லை.