பன்னிரண்டில் தொடங்கி நாலில் முடிந்த ஆடிஷன்

கிடாரைச் சரசரவென்று அடித்து, நடுவில் அதன் உடம்பில் ரெண்டு தட்டுத் தட்டினால் அதுதான் ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ இசை என்று நீங்களும் நம்பிக்கொண்டிருக்கிறீர்களா? தாராளமாக நம்புங்கள். பொத்தேரியில் எங்கள் கல்லூரியே அப்படித்தான் நம்பியது. கல்ச்சுரல்ஸ் பேண்டில் லீட் கிடாருக்கு ஒரே ஓர் இடம் காலியானபோது, அதற்கு நின்ற சீனியரும் அப்படித்தான் வாசித்தார். டிரம் பேடில் லத்தீன் பீட், மேலே கிடார், ஹால் முழுக்க நாலு நாலாகக் கைதட்டல். ஃபேன்ஸ் வேறு.

எனக்கு அந்த இடம் வேண்டும். ஃபர்ஸ்ட் இயரிலிருந்து மேடை ஓரத்தில் வயர் சுருட்டியே என் கலை வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது. அதனால் அசல் சரக்கை இறக்குவது என்று முடிவு செய்தேன். இணையத்தில் புரண்டதில் தெரிந்தது: பாரம்பரிய ஃபிளமெங்கோவில் கிடார் ஹீரோவே இல்லை. பாட்டுதான் முதலாளி. பாடுகிறவர் இழுத்தால் கிடாரும் இழுக்க வேண்டும், நின்றால் நிற்க வேண்டும். டிரம் பேடுக்கு வேலையே இல்லை. நான் பிடித்த தாளத்துக்குப் பன்னிரண்டு எண்ணிக்கை. அழுத்தம் நம் கை எதிர்பார்க்காத இடத்தில் விழும். குரல் இனிக்கக் கூடாது, கிழிய வேண்டும்.

கிழிவதற்கு எனக்குக் கிடைத்தவன், தாம்பரத்தில் சர்ச் கொயரில் தேன் ஒழுகப் பாடும் என் நண்பன். எங்கள் இருவருக்கும் ஸ்பானிஷ் தெரியாது. சோகம்தானே வேண்டும் என்று, அரியர் விழுந்ததைப் பற்றி நானே தமிழில் நாலு வரி எழுதினேன். அவன் வீட்டு மாடியில் ரிகர்சல்.

"இன்னும் கத்துடா. ரெண்டு நாளா சோறு போடாத மாதிரி பாடு."

"மச்சான், இதுக்கு மேல கத்துனா ரத்தம்தான் வரும்."

அவன் அம்மா படியேறி வந்தார். "ஏம்ப்பா, ஈஸ்டருக்கு அவனுக்கு சோலோ இருக்கு. தொண்டை போச்சுன்னா ஃபாதருக்கு நீயா வந்து பதில் சொல்லுவ?"

ஆடிஷன் அன்று அவன் "ஆஆய்ய்" என்று முதல் கதறலை எடுத்தான். பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "யாராச்சும் அண்ணாவுக்கு ஒரு சோடா குடுங்கப்பா!"

நான் பன்னிரண்டைத் தொடங்கினேன். ஹாலுக்கு அது தடுமாறுவதாகப் பட்டது. மேடையில் ஒருவன் தடுமாறினால் நம் ஜனத்தால் உதவாமல் இருக்க முடியாது. மொத்தக் கூட்டமும் நாலு நாலாகக் கைதட்டத் தொடங்கியது. நண்பனை முறைத்தேன். பயனில்லை. சபை கைதட்டினால் கொயர் அதோடு போக வேண்டும், இது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். நாலுக்கு வழுக்கினான். கூடவே குரலில் தேனும் வந்துவிட்டது.

தனியாகப் பன்னிரண்டைப் பிடித்துத் தொங்கினால் இடம் போச்சு. தவிர, கிடார் பாடகன் பின்னால் போக வேண்டும் என்பதுதானே பாரம்பரியம்? பாரம்பரியத்தை மதித்து, பாரம்பரியத்தைக் கைவிட்டேன். கிடார் உடம்பில் ரெண்டு தட்டும் தட்டினேன். ஹால் அலறியது.

நடுவராக வந்திருந்த மெல்லிசைக்குழு சார் மைக்கைப் பிடித்தார். "ஆரம்பத்துல தாளம் கொஞ்சம் உதறுச்சு தம்பி. அப்புறம் புடிச்சிட்டீங்க. கடைசில வாசிச்சீங்க பாருங்க, அது ஒரிஜினல் ஃபிளமெங்கோ!"

"பாத்தியா மச்சான், நான் காப்பாத்திட்டேன்," என்றான் நண்பன்.

இப்போது லீட் கிடார் நான்தான். கேன்டீன் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரில், என் படத்துக்குக் கீழே 'ஃபிளமெங்கோ ஸ்பெஷலிஸ்ட்' என்று போட்டிருக்கிறது.