ஓரத்தில் மின்னிய ஒளி

சென்ற மார்கழியில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் பக்கத்துத் தெரு மாமி ஒருவர் தன் வீட்டு மாடியில் நடத்தும் தியான வகுப்பில் சேர்ந்தேன். ஜன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைத்து, மூடிய கண்களைப் புருவ மத்தியை நோக்கி மேலே தூக்கி உட்கார வேண்டும். முடிந்ததும் யாருக்கு என்ன தெரிந்தது என்று எல்லோரும் சொல்ல வேண்டும். ஒருத்திக்குத் துளசி வாசனை வந்தது, இன்னொருத்திக்குச் சங்கு கேட்டது. ஜோதி கண்டதாகச் சொன்ன ஒரு பெண்மணியை எல்லோரும் கும்பிட்டோம். எனக்கு முழங்கால் வலிதான் வந்தது. விடிவதற்குள் சமைத்து வைத்துவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு திருச்சிக்கு வேலைக்குப் போகிறவளுக்கு வேறென்ன வரும்!

தை பிறந்ததும் எனக்கும் வந்தது. கண்களை மேலே தூக்கினேன், வலது ஓரத்தில் பளீரென்று ஒரு வெள்ளை வளைவு. உடம்பெல்லாம் சிலிர்த்து, அழுதுவிட்டேன். மாமி என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"பெருமாள் கையில இருக்கிற சக்கரத்தாழ்வாரே உனக்கு சேவை சாதிச்சிருக்கார்டீம்மா! வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதே, நின்னுடும்."

அன்றிலிருந்து எனக்கு முன்வரிசை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கணவரிடம்கூட மூச்சு விடவில்லை. பிறகு கண்முன்னே கரும்புள்ளிகள் மிதக்க ஆரம்பித்தன. பழைய வினையெல்லாம் கரைந்து போகிறது என்றார் மாமி. அதையும் நம்பினேன்.

ஒருநாள் ஆபீஸில் மதியச் சாப்பாடு. எதிரில் என் தோழி, பாலக்கரைக்காரி, என்னைப் போலவே தடிமனான கண்ணாடி போட்டவள். புளியோதரை மேல் ஈ பறப்பதாக நினைத்துக் கையை வீசிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இல்லாத ஈயை ஏன் விரட்டுறீங்க?" என்றவள், சட்டென்று முகம் மாறி, "ஓரத்துல மின்னல் மாதிரி வெட்டுதா?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கே தெரியாத ரகசியம் இவளுக்கு எப்படித் தெரிந்தது? இவளுக்கும் சக்கரத்தாழ்வாரா?

"எனக்கும் வந்துச்சுக்கா. தொழுகையில நெத்தியைத் தரையில வெச்சா பளிச்சுனு மின்னும். அல்லாவோட நூரு, அந்த ஒளிதான் எனக்குத் தெரியுதுன்னு அழுதேன். எங்கம்மாதான் திட்டி, கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனாங்க. விழித்திரை கிழிஞ்சிருந்துச்சு. நீங்க இப்பவே கிளம்புங்க, நானும் வரேன்."

முதலில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. என் சக்கரத்தாழ்வாரை இவள் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் நிறுத்துகிறாளே என்று! ஆனால் அவள் விரலால் காற்றில் வரைந்து காட்டியது அதே வளைவு. டப்பாவை மூடிவிட்டு அவளோடு கிளம்பினேன்.

டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். வலது கண்ணில் கிழிசல் இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் திரையே கழன்று அந்தக் கண்ணில் பார்வை போயிருக்குமாம். இருட்டில் கண்ணை உருட்டினால் இந்த வெளிச்சம் நன்றாகத் தெரியும் என்றும் சொன்னார். வகுப்பில் நாங்கள் செய்தது அதைத்தானே! அன்றே லேசர் வைத்தார்கள். வெளியே வந்து, தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அதற்குப் பிறகு அந்த வளைவு வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது வராததற்காக ஏங்கினேன். அந்தச் சிலிர்ப்பும் அழுகையும் பொய்யில்லையே!

வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். "டாக்டர் ரூபத்துல வந்ததும் பெருமாள்தான்" என்றார் மாமி. இருக்கலாம். நான் மறுக்கவில்லை.

படியிறங்கும்போது யாரோ என் புடவைத் தலைப்பை இழுத்தார்கள். எனக்கு முன்பே ஜோதி கண்டதாக நாங்கள் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்ட அந்தப் பெண்மணி. முகம் வெளுத்திருந்தது.

"எனக்கும் ஓரமாத்தான் தெரியறது. அந்த ஆஸ்பத்திரி எங்கே இருக்குன்னு சொல்றேளா?"

சொல்லவில்லை, ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டே போனேன். அவருக்கும் கிழிசல்தான். நல்லவேளை, அதுவும் லேசரோடு போயிற்று.

இன்றும் தியானத்தில் உட்காருகிறேன். இருட்டுதான் தெரிகிறது, மனசு அமைதியாகத்தான் இருக்கிறது. பெருமாள் சந்நிதியில் மட்டும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் ஒருமுறை அவரைச் சேவிக்கிறேன். அவர் தெரிகிற அந்த நொடியில், அவர் பெயரைச் சொல்லியே அவரைப் பார்க்கும் கண்ணை இழக்க இருந்தேனே என்று இன்னும் நெஞ்சு பதறுகிறது.