கால் ஊன்றாத நூறு கிலோமீட்டர்

மாமாவின் பழைய கைப்பேசியில் ஒரு வரைபடம் இருக்கிறது. நசரத்பேட்டையிலிருந்து நெமிலிச்சேரி வரை வெளிவட்டச் சாலையை ஒட்டி ஒரு நீலக் கோடு, போனதும் வந்ததுமாக. ஓரிடத்தில் மட்டும் அந்தக் கோடு சிக்குப்பிடித்த நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். அந்தச் சிக்கலுக்கு நடுவில் மயங்கிக் கிடந்தவன் நான். என்னைச் சுற்றிச் சுற்றி சைக்கிள் ஓட்டியவர் மாமா, அதாவது என் மனைவியின் அப்பா. மூன்று வருடங்களாக இதை நினைத்தாலே எனக்குக் கோபம் வரும். போன மாதத்திலிருந்து என்ன வருகிறது என்றே தெரியவில்லை.

மாமாவுக்கு நசரத்பேட்டைதான் பூர்வீகம். நிலமெல்லாம் மனைகளான பிறகு பூந்தமல்லியில் லேத் பட்டறை வைத்திருந்தார். நான் தேனிப் பக்கத்துக்காரன். திருவேற்காட்டு அடுக்குமாடியில் குடியிருந்து கம்ப்யூட்டர் முன்னால் தொப்பை வளர்த்தவன். தொப்பையைக் குறைக்கிறேன் என்று கடன் வாங்கி ஒரு விலையுயர்ந்த சைக்கிள் வாங்கினேன். ஞாயிறுதோறும் ஹெல்மெட்டும் இறுக்கமான கால்சட்டையுமாக நான் கிளம்புவதைப் பார்த்து மாமா ஒருநாள் மெதுவாகக் கேட்டார்.

“நூறு கிலோமீட்டரு ஓட்டுறீங்களாமே மாப்ள. நடுவுல எறங்குவீங்களா?”

“டீ குடிக்க இறங்குவோம் மாமா.”

“அப்போ அது இன்னா கணக்கு? எறங்கி எறங்கி ஓட்டுனா நானு இங்கேர்ந்து பெங்களூருக்கே போவேனே.”

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவருடைய இளவயதில் இந்தப் பக்கத்து மைதானங்களில் இறங்காமல் சைக்கிள் ஓட்டும் வேடிக்கை நடக்கும். ஒருவர் நாள்கணக்கில் வட்டமடிப்பார். குளிப்பது, சாப்பிடுவது, சட்டை மாற்றுவது எல்லாம் சைக்கிளின் மேலேயே. மாமாவும் ஒருமுறை ஐந்து நாள் என்று சொல்லி ஏறினார். நான்காம் நாள் விடியற்காலையில், அவர் கால் ஊன்றிவிட்டதாக யாரோ மைக்கில் சொல்லிவிட்டான். இல்லவே இல்லை என்று மாமா சத்தியம் செய்தார், ஆனால் யாரும் நம்பவில்லை. அன்றிலிருந்து காதுகுத்து, கல்யாணம், கருமாதி என்று எங்கே போனாலும் பங்காளிகளில் ஒருவர் எச்சில் இலையை மடித்துக்கொண்டே கேட்பார்: “இன்னா, அன்னிக்கு ஊன்னியா, ஊன்லியா?” மாமா சிரிப்பார். வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாள் யாருடனும் பேசமாட்டார்.

அறுபதாவது வயதில், தன் பழைய கறுப்பு சைக்கிளில், கால் ஊன்றாமல் நூறு கிலோமீட்டர் ஓட்டப்போவதாக அறிவித்தார். பங்காளிகள் எல்லோருக்கும் ஆள் அனுப்பிச் சொல்லியாகிவிட்டது. வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டில் நெமிலிச்சேரிக்கு ஐந்து முறை போய்வந்தால் கணக்கு சரியாக இருக்கும். தூரத்தைக் குறித்துக்கொள்ளும் செயலியை அவர் கைப்பேசியில் நான்தான் ஏற்றிக்கொடுத்தேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. “செல்லு சொன்னா எவன் நம்புவான்? மாப்ள சொன்னா நம்புவான். நீங்கதான் சாட்சி.” வீட்டு மாப்பிள்ளை சொல்லுக்கு இருந்த மரியாதை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த ஞாயிறு ஐந்து மணிக்கே கிளம்பினோம். வண்டிகள் குறுக்கே வந்தால் நான் பிரேக் பிடித்து நிற்பேன், மாமா நிற்கமாட்டார். வழி கிடைக்கும்வரை அதே இடத்தில் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டிருப்பார். “யோவ் பெருசு, இன்னா சர்க்கஸ் காட்டிகினு கீற?” என்று ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் கேட்டார். மாமா அவருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு இன்னொரு வட்டம் போட்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

மூன்றாம் சுற்று முடியும் நேரத்தில் வெயில் ஏறிவிட்டது. என் தொடை கல்லாக இறுகியது, கண் இருட்டியது. வெட்டவெயிலில் தார்ச்சாலையில் மோதியது வரைதான் நினைவு. கண் விழித்தபோது ஒரு பாலத்தின் நிழலில் கிடந்தேன். தலைக்கு அடியில் மாமாவின் துண்டு, நனைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. மாமாவோ என்னைச் சுற்றி வட்டமடித்துக்கொண்டிருந்தார். ஓட்டியபடியே தண்ணீர் பாட்டிலை நீட்டினார். “பால் வண்டிக்காரன் ஒருத்தன் எறங்கி தூக்கிப் போட்டான் மாப்ள. நல்ல மனுசன். ஆட்டோவுக்கு போன் பண்ணிட்டேன், வந்துகினே கீது.” ஆட்டோ வந்தது. என்னையும் என் சைக்கிளையும் ஓட்டுநர்தான் ஏற்றினார். மாமா இறங்கவில்லை. நான் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தபோது, மீதி நாற்பது கிலோமீட்டரையும் ஓட்டி முடித்துவிட்டு கழுத்தில் மாலையோடு வந்து நின்றார்.

என் மனைவி ஒரு வாரம் அப்பாவுடன் பேசவில்லை. நான் பேசினேன், ஆனால் பழையபடி பேசவில்லை. விழுந்து கிடந்த மாப்பிள்ளையை விட ஒரு பந்தயம் பெரிதாகிவிட்டதா? முகம் தெரியாத பால் வண்டிக்காரனுக்கு இருந்த ஈரம் சொந்த மாமனாருக்கு இல்லையே. அதன்பிறகு பங்காளிகள் வரும் இடங்களில் எல்லாம் மாமா என் பக்கம் கையைக் காட்டுவார். “மாப்ளய கேளுங்க, ஊன்னனா?” நான் பல்லைக் கடித்துக்கொண்டு, “ஊனவே இல்ல” என்பேன். அந்தச் சொல்லில் இருந்த வெறுப்பு அவருக்கும் புரிந்திருக்கும்.

போன மாதம் அவருக்குப் புதுக் கைப்பேசி வாங்கினோம். பழையதில் இருந்த படங்களை மாற்றும்போது அந்தச் செயலி கண்ணில் பட்டது. கோபத்தில் அதுவரை நான் அதைத் திறந்ததே இல்லை. நூறு கிலோமீட்டருக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘நின்ற நேரம்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த முழுநாளில் அவர் நின்றது ஒரே ஒரு முறைதான். ஆறு நிமிடம். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். நின்ற இடம், நான் விழுந்த இடம். வட்டங்கள் தொடங்கியது அதற்குப் பிறகு.

அப்படியென்றால் பால் வண்டியே வரவில்லை. வெயிலில் கிடந்தவனை நிழலுக்கு இழுத்துப் போட்டுத் துண்டை நனைத்து வைத்துவிட்டு, நான் கண் விழிப்பதற்குள் மறுபடி சைக்கிளில் ஏறியிருக்கிறார். கால் ஊன்றிவிட்டது தெரிந்தும் மீதி நாற்பது கிலோமீட்டரை யாருக்காக ஓட்டினார்? எனக்காக இறங்கினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பேனே. கல்நெஞ்சக்காரன் என்று மகளே நினைத்தாலும் பரவாயில்லை, ஊன்றியவன் என்று மட்டும் பெயர் வரக்கூடாதா? அப்படியானால் அந்த நான்காம் நாள் விடியற்காலையிலும் ஊன்றியிருப்பாரோ? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அவர் மேல் பாசம் பொங்குகிறது, அதே மூச்சில் எரிச்சலும் வருகிறது.

சென்ற வாரம் ஒரு காதுகுத்து. பந்தியில் ஒரு பெரியவர் வழக்கம்போல ஆரம்பித்தார். மூட்டு தேய்ந்து இப்போது கம்பு ஊன்றி நடக்கும் மாமா, வழக்கம்போல என்னைக் காட்டினார்.

“ஊனவே இல்ல” என்றேன். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னேன்: “என்னத் தூக்கிப் போட்டது ஒரு பால் வண்டிக்காரர்ங்க. நல்ல மனுசன். அவர் முகத்தைத்தான் நான் பாக்கல.”

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் இலையிலிருந்த வடையை எடுத்து என் இலையில் வைத்துவிட்டு மறுபடி சாப்பிடத் தொடங்கினார்.

பழைய கைப்பேசி என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. அந்த நீலச் சிக்கலை அவ்வப்போது திறந்து பார்க்கிறேன். புதுக் கைப்பேசிக்கு எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தேன், அதை மட்டும் மாற்றவில்லை.